லீவில் வந்த தாய்மாமன்

என் கணவருக்கு எப்போது லீவு என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே பாபநாசத்தில் விசேஷப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்காரருக்குத் தெரிந்துவிடும். நான் கூட்டிச் சொல்லவில்லை. ஒரு வருஷம் அறுவடைக்குச் சாக்கு வாங்கப் போனபோது அவரே கடையிலிருந்து எட்டிப்பார்த்து, "சார் தை பொறந்ததும் வர்றாராமே" என்று கேட்டார். அன்று சாயங்காலம்தான் என் கணவர் போனில் கூப்பிட்டு, லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன் என்றார். அப்படியா, சந்தோஷம் என்றேன் நான்.

அவர் ராணுவத்தில் ஹவில்தார். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மாமனார், மாமியார் இரண்டு பேருமே இல்லை. அந்த இடத்தில் பெரிய நாத்தனார் இருந்தார். வலங்கைமானில் வாழ்க்கைப்பட்டவர். தாய் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்ததாக அவரும் சொல்வார், ஊரும் சொல்லும், என் கணவரும் சொல்வார். சின்ன நாத்தனார் இவருக்குத் தங்கை, திருவிடைமருதூரில் இருக்கிறார். இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய. அத்தனை பேருக்கும் தாய்மாமன் என்று இவர் ஒருவர்தான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். பெண் பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் சீர் வேண்டும். புது வீடு கட்டினால்கூட அக்காவும் தங்கையும் பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். அதனால் எல்லாமே இவருடைய லீவுக்காகக் காத்திருக்கும். காது குத்தாமல் மூன்று வயசு, நான்கு வயசு வரைக்கும் பிள்ளைகள் நிற்கும். யாராவது கேட்டால், "மாமன் பட்டாளத்துல இருக்கான், வரட்டும்" என்று பெருமையாகப் பதில் வரும். இவர் ரயிலைவிட்டு இறங்கினதும் வரிசையாக ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு லீவில் மூன்று விசேஷம் நடந்தது. இவர் வேட்டியை மாற்றிக்கொண்டே இருந்தார். நான் தாம்பாளத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தேன்.

என் பிள்ளைகளுக்கும் காது குத்தினோம். மகனுக்கும் சரி, மகளுக்கும் சரி, என் அண்ணன் மடிதான். இரண்டு முறையும் இவர் எல்லையில் இருந்தார். மகளுக்குக் குத்தியபோது வீடியோவில் காட்டினோம். ஆசாரி கம்பியைக் கையில் எடுத்த நேரம் சிக்னல் போய்விட்டது. இவருடைய லீவு வரட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அப்பா இல்லாமல் காது குத்தலாம், மாமன் இல்லாமல் குத்த முடியாது. யார் போட்ட சட்டமோ, அதை அன்றைக்கு நானும் சட்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை அவருக்கு அமைதியான ஊரில் போஸ்டிங் வந்து, குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. மகனுக்கு அப்போது நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. நான் பெட்டியெல்லாம் கட்டிவிட்டேன். பெரிய நாத்தனார் வந்து, நிலத்தை யார் பார்ப்பது என்றார். குத்தகைக்கு விடலாம் என்றேன். அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தை அடுத்தவன் உழுவதா என்று கண் கலங்கினார். என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாத அளவுக்கு நான் அப்பாவி இல்லை. பெட்டியைப் பிரித்து அடுக்கினேன். அன்றிலிருந்து நாற்றங்கால், நடவு ஆள், அறுப்பு மிஷின், கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக் கிடப்பது எல்லாம் என் தலையில். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். நாட்டைக் காக்கும் வீரரின் மனைவி என்பார்கள். நான் அங்கே உட்கார்ந்துகொண்டு, வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்திருக்குமே, மடையைத் திறக்க ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டேன். பிள்ளைகள் விஷயத்தில்தான் முடியவில்லை. மகளுக்கு அப்பா என்றால் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் வருகிற முகம். இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸில் இருக்கிற முகம். நாத்தனார் வீட்டு விசேஷங்களுக்குக் கட்டும் ஃப்ளெக்ஸில் இவர் யூனிஃபார்மில், கையில் துப்பாக்கியோடு, ஆள் உயரத்துக்கு நிற்பார். பின்னால் யாரோ ஒட்டிவைத்த பனிமலை இருக்கும். 'எங்கள் தாய்மாமனே வருக' என்று மேலே எழுதியிருக்கும். விசேஷம் முடிந்ததும் அதை நான் கழற்றிக்கொண்டு வந்து வைக்கோல் போரின் மேல் போட்டு மூடுவேன். மழைக்காலம் முழுக்க மகள் அந்தப் போரைக் காட்டி அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகனிடம் இவர் போனில் ஒரு வாக்கு கொடுத்திருந்தார், அடுத்த லீவில் கடலுக்குப் போகலாம் என்று. இரண்டு லீவு வந்து போனது. மூன்றாவது லீவு வரப்போகிறது என்று தெரிந்தபோது மகன் கடலைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டு அழுதிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கேட்காமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. எட்டு வயசுப் பிள்ளை இவரிடம் எதையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டான். இன்னும் இரண்டு லீவு இப்படியே போனால் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இவர் வேண்டவே வேண்டாம் என்று ஆகிவிடும் எனத் தோன்றியது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நாலு நாள், வேறு யாரும் இல்லாமல், என் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அப்பா.

அதனால் திட்டம் போட்டேன். கோடை விடுமுறை. வயலில் வேலை இல்லை. வைகாசியில் சின்ன நாத்தனார் மகளுக்குத் திருவிடைமருதூரில் காதுகுத்து என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. லீவு தொடங்கும் தேதியைத் தள்ளிச் சொல்லுங்கள் என்று இவரிடம் சொன்னேன். மயிலாடுதுறையில் இறங்கிவிடுங்கள், நானும் பிள்ளைகளும் அங்கே வந்துவிடுகிறோம், தரங்கம்பாடியில் நாலு நாள் இருந்துவிட்டு அப்படியே புதிதாக வந்தவர் மாதிரி ஊருக்குப் போகலாம். அக்காவிடம் பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் என்ன நினைத்தாரோ, சரி என்றார். பெரிய நாத்தனாரிடம் நான் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். என் பிறந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம்தான், அதனால் பொய் அவ்வளவு பெரிய பொய்யாகத் தெரியவில்லை.

மயிலாடுதுறை பிளாட்பாரத்தில் நின்றபோது எனக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாதிரி படபடப்பாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் இறங்கினார். ஒட்ட வெட்டின தலை, முதுகில் பெரிய பை, கையில் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதின கறுப்பு ட்ரங்குப் பெட்டி. மகன் பக்கத்தில் போய்ப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். அதுதான் அவன் செய்த வரவேற்பு. மகள் என் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள். இவர் அவளைச் சிரிக்கவைக்க நினைத்து, பூட்ஸ் காலை டக்கென்று சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மகள் வீறிட்டு அழுதாள்.

தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்தோம். மாடியிலிருந்து கடல் தெரியும். பிள்ளைகள் இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தது பார்த்தபடி நின்றன. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பெட்டியைத் திறந்து இவர் கேண்டீனிலிருந்து வாங்கி வந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினார். பிஸ்கட், சத்துமாவு டப்பா, எனக்கு முகத்துக்குப் பூசும் கிரீம். அடியில் துண்டில் சுற்றி ரம் பாட்டில்கள். அது அக்கா, தங்கை வீட்டு மச்சான்கள் இரண்டு பேருக்கு. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. திருட்டுத்தனமாக வந்த இடத்துக்கும் அவர்கள் பங்கு வந்து சேர்ந்துவிட்டதே என்று.

மறுநாள் காலை இருட்டோடு எழுப்பிவிட்டார். சூரிய உதயம் பார்க்க வேண்டுமாம். நல்லதுதானே என்று நானும் எழுந்தேன். ஆனால் போவதற்கு முன் போர்வையை மடிக்க வேண்டும். மகன் மடித்தான். ஓரம் ஓரத்தோடு சேரவில்லை என்று பிரித்துப்போட்டு மறுபடி மடிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை மடித்து முடித்தபோது சூரியன் மேலே வந்துவிட்டது. கடலில் கணுக்கால் வரைக்கும்தான் நிற்கலாம், வரிசையாக நிற்க வேண்டும், அலை வரும்போது பின்னால் இரண்டு அடி வர வேண்டும். பிள்ளைகள் அவர் சொன்னபடியே நின்று, சொன்னபடியே பின்னால் வந்தன. தூரத்தில் வேறு யாரோ ஒரு குடும்பம் தலைகுப்புற விழுந்து புரண்டுகொண்டிருந்தது. மகன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோபப்பட்டு, அடித்து, திட்டி எதுவும் செய்யவில்லை இவர். அதையும் சொல்ல வேண்டும். அன்பாகத்தான் சொன்னார், ஒவ்வொன்றையும் விளக்கித்தான் சொன்னார். அவரிடம் இருபது பேர் வேலை பார்க்கிறார்களாம், அத்தனை பேருக்கும் இவரைப் பிடிக்குமாம். பிடிக்கும், எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் அப்படியே பிடித்துவிடும் என்று நினைத்துவிட்டார்.

மத்தியானம் ஓட்டலில் மகள் சாம்பார் சாதத்தில் இடது கையை வைத்தாள். "சோத்துக் கையில சாப்பிடணும் பாப்பா" என்று அந்தக் கையை எடுத்து மேஜையின் கீழே வைத்துவிட்டார். அவள் மறுபடி இடது கையை எடுத்தாள். இவர் மறுபடி கீழே வைத்தார். அவளுக்கு எல்லாமே இடது கைதான். பால் சங்கைக் கையால் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். நான் இதைப் போனில் சொல்லியிருக்கிறேன். ம்ம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இலையைப் பார்த்தபடி அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பிசைந்து ஊட்டினேன். "நீ இப்படிச் செல்லம் குடுத்துதான்" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். செல்லம் கொடுக்க வேறு யார் அங்கே இருந்தார்கள் என்று கேட்கத் துடித்த வாயை நானும் மூடிக்கொண்டேன். விடுமுறைக்கு வந்திருக்கிறோம் அல்லவா.

இரண்டாம் நாளும் அதே மாதிரி விடிந்து, அதே மாதிரி போனது. மகன் போர்வையை முதல் தடவையிலேயே சரியாக மடித்துவிட்டான். அப்பா முதுகில் தட்டிக் கொடுத்தார். அவனும் சிரிக்காமல் நிமிர்ந்து நின்றான். சாயங்காலம் அறையில் இருந்தோம். இவர் கட்டிலில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணி இருக்கும். மகள் என் போனை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். இவர் காலைத் தாண்டித்தான் வந்தாள். போனை என் கையில் வைத்து, "அப்பாவுக்குப் போடும்மா" என்றாள்.

நான் இவரைக் காட்டி, இதோ அப்பா இருக்கிறாரே என்றேன். அவள் இவரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "போன் அப்பா" என்றாள். தினமும் அந்த அப்பாவோடு அவள் நன்றாகத்தான் பேசுவாள். கொலுசைக் காட்டுவாள், பல்லைக் காட்டுவாள், ஆட்டுக்குட்டி பால் குடித்ததைச் சொல்வாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆள் அவளுக்கு வேறு யாரோ. இவர் சிரித்தார். சிரித்தபடியே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, மகனைக் கூட்டிக்கொண்டு, காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். போகட்டும், மனசு கஷ்டப்பட்டிருக்கும், நாளைக்குச் சரியாகும் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு நாள் இருந்ததே.

மறுநாள் காலை என் போனில் பெரிய நாத்தனார் கூப்பிட்டார். எடுத்ததும், "தரங்கம்பாடியில வெயில் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அம்மா வீட்டில் யாரோ உளறியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. காதுகுத்துக்கு முகூர்த்தக்கால் நட வேண்டும், மாமன் இல்லாமல் எப்படி நடுவது, இன்றைக்கே கிளம்பி வரச் சொல் என்றார். "ரெண்டு நாள் வச்சிருந்தீல்ல, போதும்மா. தம்பிய கூட்டிட்டு வா" என்றார். இரவல் கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்கிற மாதிரி இருந்தது. நான் என்னென்னவோ பேச நினைத்து, சரிங்க அண்ணி என்று வைத்தேன்.

இவரிடம் சொன்னேன். சண்டை போடுவார், ஒரு நாளாவது இருந்துவிட்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்வார் என்று ஒரு நப்பாசை. இவர் எப்படித் தெரிந்தது என்றுகூடக் கேட்கவில்லை. ட்ரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து அடுக்க ஆரம்பித்தார். அந்த வேகமும் நேர்த்தியும் இரண்டு நாளாக நான் பார்க்காதது. பாட்டில்களைத் துண்டில் சுற்றி அடியில் வைத்தார், என் சேலைகளைக்கூட மடித்து வைத்தார். வாயில் ஏதோ பாட்டு. மகன் போர்வையை மடித்துவிட்டு நின்றான்.

பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இவர் முன் சீட்டில் உட்காரப் பார்த்தார். அவள் என்னிடம் ஓடி வந்துவிட்டாள். நானும் பிள்ளைகளும் பின்னால் மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தோம். வழி நெடுக நான் பெரிய நாத்தனாரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். குவார்ட்டர்ஸ் போனதிலிருந்து ஆரம்பித்துத் திட்டினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகன் வெளியே பார்த்தபடியே சொன்னான்.

"அத்தைக்கு அப்பாதாம்மா போன் பண்ணாங்க. முந்தாநாள் இல்ல, நேத்து சாயங்காலம், கடக்கரையில."

எனக்குப் புரியவில்லை. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அக்கா, எனக்கு இங்க என்ன பண்றதுன்னே தெரியல, நீயா கூப்புடுற மாதிரி நாளைக்கிக் கூப்புடுன்னு சொன்னாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை வேணாம்னுதான் சொன்னாங்க, எனக்கே கேட்டுச்சு. அப்பாதான் கூப்புடு கூப்புடுன்னாங்க" என்றான். வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடி வெளியே பார்த்தான்.

முன் சீட்டில் அந்த ஒட்ட வெட்டின பிடரி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மயிலாடுதுறை வரைக்கும் வந்தேன். எத்தனை வருஷம் அந்த இரண்டு பெண்களும் என் வீட்டுக்காரரை லீவு லீவாகப் பிடுங்கித் தின்கிறார்கள் என்று பொருமியிருக்கிறேன். அவர்கள் கேட்டது உண்மைதான். ஆனால் இவர் அவர்கள் கேட்டதற்காகப் போகவில்லை, எங்களிடமிருந்து ஓடிப்போய் அங்கே ஒளிந்துகொண்டார். அது தெரிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரை எதிரி என்று நினைத்து இத்தனை நாள் சண்டை போட்டேனோ, அங்கே எதிரியே இல்லை.

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் வண்டிக்கு நின்றோம். பிள்ளைகள் பெட்டிமேல் உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டார்கள். நான் இவரைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டு, நீங்கள்தான் போன் பண்ணினீர்களா என்று கேட்டேன். இவர் மறுக்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். அந்த ஒரு பொய்யையும் நான்தான் சொல்லவைத்தேன்.

"அங்க போனா எனக்கு ஒரு வேல இருக்கு" என்றார். "மாலை போடுன்னா போடுறேன், உக்காருன்னா உக்காருறேன். இங்க நான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. புள்ளைங்க என்னப் பாத்து அட்டென்ஷன்ல நிக்கிதுங்க. நீயும் சொல்ல மாட்டேங்குற."

"உங்களுக்கு ஆர்டர் போட நான் என்ன உங்க ஆபீஸரா?" என்றேன்.

வண்டி வந்துவிட்டது. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை, இன்றுவரைக்கும்.

திருவிடைமருதூரில் சின்ன நாத்தனார் வீட்டு முக்கிலேயே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதே துப்பாக்கி, அதே பனிமலை. பெரிய நாத்தனார் முன்னாலேயே வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தார், பிறகு என்னை. சமையல்கட்டில் தனியாக இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்மா புத்தி கெட்டுப்போய்க் கூப்புட்டேன். அவன ஒண்ணும் சொல்லாத" என்றார். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தது உண்மைதான் போலிருக்கிறது. இன்னும் இறக்கிவிடவில்லை. சரிங்க அண்ணி என்றேன். அந்த வீட்டில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

காதுகுத்து நாளன்று மேளத்தோடு சீர் போனது. நான் தாம்பாளம் தூக்கினேன். மண்டபத்தில் இவர் பட்டு வேட்டியும் மாலையுமாக மணைமேல் உட்கார்ந்தார். பட்டுப் பாவாடை கட்டின தங்கை மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு இரண்டு வயசு. கூட்டத்தையும் ஆசாரியையும் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கியது. இவர் அதன் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னாரோ, அது கெக்கெக்கென்று சிரித்தது. ஆசாரி கம்பியை எடுத்ததும் ஒரு கையால் அதன் கண்ணை மூடினார், இன்னொரு கையால் வாழைப்பழத்தைப் பிட்டு வாயில் வைத்தார். குழந்தை பழத்தை இடது கையால் பிடுங்கிக்கொண்டது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. குத்தினதும் அது வீறிட்டது. இவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மாலை நசுங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல், அந்தச் சின்னக் காதில் ஊதிக்கொண்டே இருந்தார். அழுகை தேம்பலாகி, தேம்பல் அடங்கி, அது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மாமன் என்றால் இவன்தான் மாமன் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பொய்யில்லை.

நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாது என்றே நினைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். காப்பரிசி கொடுத்துக்கொண்டு வந்தார்கள். மகன் இரண்டு கையும் நீட்டி வாங்கி, வெல்லம் ஊறின அரிசியைத் தின்றபடி கூட்டத்துக்குள் போய்விட்டான். மகள் போகவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டு மணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குக் காது குத்துனப்ப யாரு மடியில உக்காந்தேன்?" என்று கேட்டாள்.

மாமா மடியில் என்றேன்.

"அப்பா மடியில இல்லியா?"

இல்லை, மாமா மடியில்தான் உட்கார வேண்டும் என்றேன். அவள் யோசித்தாள். இடது கையை எடுத்துத் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். தோட்டைத் தடவினாள், பிறகு விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள்.

"இங்க இன்னும் இடம் இருக்கும்மா. எனக்கு இன்னொரு தடவ குத்தச் சொல்லு" என்றாள்.

மணையில் இவர் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசாரி கம்பியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.